வலப்பக்கம் மட்டும் வாரிவிடுகிறது: மண்ணில் வளைவு எடுப்பது எப்படி?

கண்மாய்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் சிவகங்கைப் பக்கம். வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக், 2019 மாடல், பழைய இரண்டு வால்வு இன்ஜின். மூன்று மாதமாக எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் ஓட்டிப் பழகுகிறேன். தண்ணீர் வற்றி உள்வாய் முழுக்கத் தரை தெரிகிறது. மேலே ஒரு விரல் கனத்துக்குப் புழுதி, அடியில் கட்டாந்தரை. காலை ஆறு மணிக்குப் போனால் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைத் தவிர ஆள் கிடையாது.

பிரச்சினை இதுதான். இடப்பக்க வளைவு ஓரளவு வருகிறது. வலப்பக்கம் திரும்பினால் முன் சக்கரம் வாரிவிடுகிறது. போன ஞாயிறு ஒரே முக்கில் நாலு தடவை விழுந்தேன். நாலாவது தடவை அந்தப் பெரியவரே வந்து வண்டியைத் தூக்கிவிட்டு, "தம்பி, அந்த முக்குல ஏதாச்சும் புதைச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீடியோவில் சொல்வதையெல்லாம் செய்கிறேன். உள்பக்கக் காலை நீட்டுகிறேன், வெளிப்பக்க முழங்கையைத் தூக்குகிறேன், டேங்கை ஒட்டி முன்னால் உட்காருகிறேன். டயர் கம்பெனி டயர்தான், பின்னது பாதி தேய்ந்துவிட்டது. மண்ணைக் கடிக்கிற மாதிரி கட்டை கட்டையாக இருக்குமே, அந்த நல்ல பட்டன் டயர் போட்டால் சரியாகுமா? காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் யாராவது பதில் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
டயரை மாற்று. இல்லாவிட்டால் இடப்பக்கம் மட்டும் திரும்பி வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு பாதை கண்டுபிடி.

ஸ்பேனர் 14:
டயருக்குக் காசு போடுமுன் இதையெல்லாம் பார். ஓசூரில் பட்டறை வைத்திருக்கிறேன். மண்ணில் ஓட்டி "வண்டி சரியில்லை" என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் சின்னச் சின்ன விஷயம்தான் இருக்கும்.

முதலில் காற்று. ரோட்டுக்கு அடிக்கிற காற்றிலேயே மண்ணில் இறங்கினால் டயர் உருளைக்கல் மாதிரி மேலே மிதக்கும். உன் வண்டி எடைக்கு 18 முதல் 20 பிஎஸ்ஐ வைத்துப் பார். அதற்குக் கீழே போகாதே. உள்ளே டியூப். கல்லில் ஏறினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிக் கிழியும். மண் டிராக் ரேஸ் ஓட்டும் மோட்டோகிராஸ் வண்டிக்காரர்கள் 12, 13 வைக்கிறார்களே என்று கேட்பாய். அந்த வண்டி 105, 110 கிலோதான், டயர் ரிம்மில் சுற்றாமல் இருக்க ரிம் லாக்கும் போட்டிருப்பார்கள்.

அடுத்தது கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங். சென்டர் ஸ்டாண்டோ ஏதாவது கட்டையோ கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒற்றை விரலால் தள்ளிப் பார். நடுவில் 'டொக்' என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன்செட் போய்விட்டது, அதை வைத்துக்கொண்டு வளைவு பழக முடியாது.

நாலு தடவை வலப்பக்கமே விழுந்திருக்கிறாய். ஃபோர்க் முறுக்கிக்கொண்டு ஹேண்டில் கோணலாக இருக்கும். முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கி ஹேண்டிலை நேராக்கு. பிரேக் லீவர் உள்பக்கம் வளைந்திருந்தால் அதையும் பார். ஆக்ஸிலரேட்டர் கேபிளில் ஆட்டம் அதிகம் இருந்தாலும் செயின் தொங்கினாலும் முறுக்கியதும் ஒன்றும் வராது, பிறகு மொத்தமாகக் குதிக்கும். நடு வளைவில் அது ஆளைத் தள்ளும்.

கண்மாய்க்காரன்:
அண்ணே, முன் டயரில் காற்று 29 இருந்தது! 20க்கு இறக்கினேன். கோன்செட் சுத்தம். ஹேண்டில் கோணல்தான், நேராக்கிவிட்டேன். செயினும் இழுத்தாயிற்று. இடப்பக்கம் இப்போது அருமையாக வருகிறது.

வலப்பக்கம் இன்று இரண்டு தடவை. பெரியவர் ஆட்டை வேறு பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
தம்பி, கோயமுத்தூரிலிருந்து எழுதுறேனுங்க. தொண்ணூறுகளில் ஆர்எக்ஸ் 100 வைத்துக்கொண்டு டர்ட் டிராக்கில் உருண்டு புரண்டவன். இப்போது ஓட்டுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம்.

டயர் வாங்குகிற காசைப் பத்திரமாக வையுங்க. இடப்பக்கம் வருகிற டயர் வலப்பக்கம் வராமல் போகுமா? மண்ணுக்கும் டயருக்கும் இடமும் வலமும் தெரியாது. மாறுவது நீங்கதான்.

ஒரு வேலை செய்யுங்க. அடுத்த தடவை விழுந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, வந்த தடத்திலேயே நடந்து போய்ப் பாருங்க. காலை வெயில் சாய்வாக அடிக்கும்போது பார்த்தால் நன்றாகத் தெரியும். எங்கே பிரேக் பிடித்தீங்க, எங்கே விட்டீங்க, எந்தச் சக்கரம் முதலில் போனது என்பதெல்லாம் புழுதியில் எழுதியிருக்கும். எங்கள் காலத்தில் வீடியோ கிடையாது. விழுந்தவன் தடத்தைச் சுற்றி நாலு பேர் குந்தவைத்துக்கொண்டு பார்ப்போம், துப்பறிகிற மாதிரி. இடப்பக்கத் தடத்தையும் வலப்பக்கத் தடத்தையும் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்க.

கண்மாய்க்காரன்:
பார்த்தேன் அண்ணே. இதுவரை நான் என் தடத்தைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

இடப்பக்கம்: நேர்கோட்டில் பின் சக்கரம் அரைத்துக்கொண்டு போன கோடு ஒன்று இருக்கிறது, பட்டன் அச்சு இல்லாமல் வழித்துவிட்ட மாதிரி. அது வளைவு ஆரம்பித்த பிறகும் கொஞ்ச தூரம் லேசாகத் தொடர்கிறது. பிறகு இரண்டு டயர் அச்சும் தெளிவாக விழுந்திருக்கிறது. வெளியே போகும் இடத்தில் பின் டயர் மண்ணைப் பின்னால் வாரி எறிந்திருக்கிறது.

வலப்பக்கம்: பின் சக்கரக் கோடு வளைவுக்கு ஏழெட்டு அடி முன்னாலேயே சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு முன் டயர் அச்சு மட்டும் ஆழமாக, விட்டு விட்டுப் புள்ளி வைத்த மாதிரி. ஒவ்வொரு புள்ளிக்கு முன்னாலும் சின்னதாக மண் குவிந்திருக்கிறது. வளைவின் நடுவில் அது விசிறி மாதிரி வெளிப்பக்கம் விரிந்து வழுக்கியிருக்கிறது. அதற்கு அடுத்தது நான் விழுந்த இடம், முழங்கை அச்சோடு.

ரெண்டு ஸ்ட்ரோக்:
அந்தப் புள்ளிதான் விஷயமுங்க. உங்கள் வண்டியில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். அது பிடித்து விட்டு, பிடித்து விட்டு வேலை செய்த அடையாளம் அது. அதாவது வண்டி சாய்ந்த பிறகும் நீங்க முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறீங்க.

இப்போது ஒரு கேள்வி. வலப்பக்கம் திரும்பும்போது எந்தக் காலை நீட்டுகிறீங்க? வலது கால். பின் பிரேக் எந்தக் காலில்? அதே வலது கால்.

கண்மாய்க்காரன்:
அடக் கடவுளே.

ரெண்டு ஸ்ட்ரோக்:
அவ்வளவுதானுங்க. இடப்பக்கம் திரும்பும்போது இடது கால் வெளியே, வலது கால் பெடலில். வேகம் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனாலும் பின் பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டே போய்ச் சமாளிக்கிறீங்க. வலப்பக்கம் காலை எடுத்த நொடியே அந்தப் பிரேக் போச்சு. வேகம் மிச்சம் இருக்கிறது, பயத்தில் கை முன் பிரேக்கை அழுத்துகிறது. சாய்ந்திருக்கும் முன் டயருக்கு வளைவைத் தாங்குவதே பெரும் வேலை, பிரேக்கையும் அதன் தலையில் ஏற்றினால் வாரிவிடத்தான் செய்யும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத்தான் அது தடுக்கும். பக்கவாட்டில் நழுவுவதை இந்த ஏபிஎஸ் பார்க்காது.

வீடியோக்களில் "காலை நீட்டு" என்கிறார்கள், எப்போது நீட்டுவது என்று யாரும் சொல்வதில்லை. நீங்க வளைவுக்கு எட்டடி முன்னாலேயே நீட்டிவிடுகிறீங்க. பார்க்க அழகாக இருக்கும், போஸ்டர் மாதிரி. வலப்பக்கத்துக்குக் கால் கடைசியில்தான் வெளியே வரணும். பிரேக் எல்லாம் முடிந்து, வேகம் போதும் என்று ஆன பிறகு.

அமெரிக்காவில் ஃபிளாட் டிராக் என்று ஒன்று இருக்கிறது. முட்டை வடிவ மண் டிராக்கில் இடப்பக்கமே சுற்றுவார்கள். இடது பூட்சுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு அதைத் தரையில் தேய்த்தபடி போவார்கள். கென்னி ராபர்ட்ஸ் அங்கே பழகிவிட்டுத்தான் ரோடு ரேஸுக்கு வந்து 1978இல் 500 சிசி உலகப் பட்டம் வாங்கினார். இடப்பக்கம் மட்டும் பழகி உலகப் பட்டம் வாங்கியவர் இருக்கிறார், நமக்குத்தான் கண்மாயில் இரண்டு பக்கமும் முக்கு இருக்கிறது.

முட்டிவலி:
கால் நீட்டும் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே தெரியும். இதே மாதிரி வலப்பக்க வளைவு, நீட்டிய கால் பக்கவாட்டில் தொங்கியது, பாதம் ஒரு கருவேலங்கட்டையில் சிக்கியது. வண்டி முன்னே போனது, கால் பின்னே நின்றது. முட்டிக்குள் தசைநார் கிழிந்து ஆபரேஷன், ஏழு மாதம் வண்டியைத் தொடவில்லை.

ஆகவே 150 கிலோவுக்கு மேல் இருக்கும் ரோட்டு வண்டிக்குக் கால் நீட்டுவதே வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில் இருக்கட்டும். விழப்போகிற வண்டியைக் காலால் நிறுத்திவிடலாம் என்ற நினைப்பே ஆபத்து. அது எக்ஸ்பல்ஸ், சைக்கிள் இல்லை.

ரெண்டு ஸ்ட்ரோக்:
கட்டை, வேர், கல் இருக்கும் இடத்தில் நீங்க சொல்வது நூற்றுக்கு நூறு சரி. திறந்த தரையில் எனக்கு வேறு கருத்து. கால் ஊன்றுவதற்கு இல்லை. அந்தக் காலின் எடை முன்னால் போனால் முன் சக்கரத்துக்குக் கொஞ்சம் பிடிப்பு வரும், இடுப்பும் தானாக முன்னால் நகரும். எப்படி நீட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன் சக்கர அச்சைப் பார்த்து முன்னோக்கி, முட்டி லேசாக மடங்கி, பெருவிரல் வானத்தைப் பார்த்து. குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் போகணும். பக்கவாட்டில் தொங்கினாலோ பெருவிரல் கீழே பார்த்தாலோ, நீங்க சொன்ன கதைதான் நடக்கும். சாதாரண ஷூ போட்டுக்கொண்டு காலை நீட்டவே கூடாது, கணுக்கால் பூட்ஸும் முட்டிக் காப்பும் இல்லாவிட்டால் காலை ஃபுட்ரெஸ்டில் வையுங்க.

கணக்கு வாத்தியார்:
எல்லோரும் சொல்லும் ஒரு வசனத்தைப் பற்றி: "வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டை அழுத்தினால் டயர் மண்ணில் அமுங்கும்." அது அப்படியே உண்மை இல்லை. எந்த ஃபுட்ரெஸ்டை மிதித்தாலும் தரையில் இறங்கும் மொத்த எடை ஒன்றுதான். தராசில் ஒற்றைக் காலில் நின்றால் எடை கூடுமா?

ஆனால் பலன் இருக்கிறது, காரணம் வேறு. 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் பாதிக்குச் சற்று மேல். அதைத் தாங்க, ஆளும் வண்டியும் சேர்ந்த எடைமையம் சுமார் 28 டிகிரி சாய வேண்டும். இந்த 28ஐ வேகமும் ஆரமும் தீர்மானிக்கின்றன, நம் கையில் இல்லை. அதை ஆளும் வண்டியும் எப்படிப் பங்குபோட்டுக்கொள்வது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. ரோடு ரேஸ்காரர் உடம்பை உள்ளே தொங்கவிட்டு வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொள்வார். மண்ணில் நேர் எதிர். உடம்பு நிமிர்ந்திருக்கும், வண்டியை நமக்குக் கீழே சாய்ப்போம். வண்டி 28க்கும் அதிகமாகச் சாயும், டயரின் ஓரப் பட்டன்கள் மண்ணைக் கடிக்கும். அதைவிட முக்கியம், டயர் அரை அடி நழுவினாலும் உடம்பு வண்டிக்கு மேலேதான் இருக்கும், மீட்க முடியும். உள்ளே தொங்கிக்கொண்டிருந்தால் நழுவிய நொடியே தரைதான்.

வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டை மிதித்தால் இடுப்பு தானாக வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. அதுதான் பலன்.

இன்னொரு கணக்கு. அதே வட்டத்தில் 20ஐ 25 ஆக்கினால் பக்கவாட்டுத் தேவை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும், சாய்வு 39 டிகிரி. வேகம் இருமடி விதியில் வருவதால் இப்படி. ஐந்து கிலோமீட்டர்தானே என்று உள்ளே போகிற ஆளுக்குப் புழுதி அந்த ஒன்றரை மடங்கைத் தராது.

கரிசல்காட்டான்:
வாத்தியாரே, விழும்போது எத்தனை டிகிரி என்று பார்க்க மறந்துவிட்டேன். இனிமேல் பாகைமானி கட்டிக்கொண்டு போகிறேன்.

கணக்கு வாத்தியார்:
விழுந்த பிறகு 90. அதற்குப் பாகைமானி வேண்டாம்.

புதுமண்:
வணக்கம். நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஹிமாலயன் 450, எடை 196 கிலோ. நான் 5 அடி 3 அங்குலம். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரை ஓரம் பழகுகிறேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து காலை நீட்டுவதெல்லாம் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. எல்லா வீடியோவிலும் ஆறடி ஆள் சின்ன வண்டியில் ஓட்டிக் காட்டுகிறார். எனக்கு என்ன வழி?

முட்டிவலி:
உங்களுக்கு என் கட்சிதான் சரி. நின்றபடியே ஓட்டுங்கள். உள்பக்க முட்டியை மடக்கி, வெளிப்பக்கக் காலில் எடையைப் போட்டு, வண்டியை உள்ளே தள்ளி இடுப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரில், கிளட்சில் இரண்டு விரல் வைத்தபடி, நடக்கும் வேகத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள். பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறது, மண்ணில் அணைத்துவிடுங்கள். நின்று ஓட்டினால் வலது கால் பிரேக்கை விட்டு விலகவே விலகாது. கண்மாய்த் தம்பியின் வியாதி உங்களுக்கு வராது.

ரெண்டு ஸ்ட்ரோக்:
வழிமொழிகிறேனுங்க. நிற்பது ஒன்றும் கத்துக்குட்டி வேலை இல்லை. பெல்ஜியத்து ஸ்டெஃபான் எவர்ட்ஸ் 10 முறை மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வாங்கியவர், மற்றவர்கள் உட்காரும் இடத்திலும் நின்றே ஓட்டுவதற்குப் பேர் போனவர். நம் பக்கத்து ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்கார் பாலைவன ராலியில், உச்சப் பிரிவுக்கு அடுத்ததான ராலி 2 பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தமாக 11ஆவது. ராலியில் நாள் முழுக்க நின்றுகொண்டுதான் பொழுது போகும். இறுக்கமான வளைவுக்கு மட்டும்தான் உட்காருவது. அதுவும் பிரேக் பிடிக்கும்வரை நின்று, பிரேக் முடிந்து ஆக்ஸிலரேட்டர் திறக்கும் நேரத்தில் உட்காரணும். முதலிலேயே உட்கார்ந்துவிட்டால் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது ஆளும் சேர்ந்து குதிப்பார்.

வன்னிப் புழுதி:
வணக்கம் அண்ணைமார். நான் வவுனியாப் பக்கம். என்னிடம் பழைய ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஜா ஒன்று இருக்கு, முன்னுக்கு ரெண்டு பெரிய லைற் வைத்தது. இங்கே அதை ட்ரெயில் பைக் என்றுதான் சொல்லுவோம்.

எங்கட பக்கம் குளத்துத் தரையைவிடக் கிறவல் ஒழுங்கைகள்தான் கூட. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கிறவல் என்றால் இறுகின தரைக்கு மேல மாபிள் குண்டு கொட்டின மாதிரி. உழவு இயந்திரம் ஓடி ஓடி ரெண்டு தடம் துப்பரவாக இருக்கும், நடுவிலும் வெளிக்கரையிலும் கல் குவிஞ்சு கிடக்கும். வளைவில் அந்தத் துப்பரவான தடத்தை விட்டு வெளியே வந்தீங்கள் என்றால் முன்சில்லு சொல்லாமல் கொள்ளாமல் போகும். பிறேக்கெல்லாம் நேராகப் போகும்போதே முடிச்சிட வேணும். வளைவுக்குள்ள சில்லைத் தானாக உருள விடாமல் மெல்லிய இழுவையில் வைத்திருக்க வேணும்.

இன்னொன்று, கண். கல்லைப் பார்த்தால் கல்லுக்கு மேலதான் போவீங்கள். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கோ. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் சுப்பர்குறொஸ் ரேஸ் பார்க்கப் போனபோது நான் வண்டியை விட்டிட்டு ஓடுகிற ஆட்களின்ர தலைக்கவசத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிண்டனான். வண்டி வளைவுக்குள்ள வருமுதலே தலை வெளிவாசலுக்குத் திரும்பியிடும்.

ஸ்பேனர் 14:
தலைக்கவசத்தைப் பார்த்தது அருமையான வேலை. நானும் ஒன்று சேர்க்கிறேன். வலப்பக்கம் ஆக்ஸிலரேட்டர் கையும் உள்பக்கமாகிவிடுகிறது. கை மடங்கி முழங்கை விலாவில் இடித்தால் மணிக்கட்டால் மெதுவாக முறுக்க முடியாது, ஒன்று மூடும், இல்லை குபுக்கென்று திறக்கும். கைப்பிடியை ஸ்குரூ டிரைவர் பிடிப்பது போலக் கொஞ்சம் குறுக்காகப் பிடி, முழங்கை தானாக வெளியே நிற்கும். லீவர்களையும் உள்ளே தள்ளி ஒற்றை விரலுக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
சரி, தம்பிக்கு வீட்டுப்பாடம். செங்கல் வேண்டாம், விழுந்தால் முதுகில் ஏறும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டில் பாதி மண் போட்டு இருபது தப்படி இடைவெளியில் வையுங்க. அதைச் சுற்றி முட்டை வடிவில் வலப்பக்கமாக மட்டும் சுற்றணும். இரண்டாவது கியர்.

முதல் நாள் கால் இரண்டும் ஃபுட்ரெஸ்டில். பாட்டிலுக்கு முன்னால் தரையில் காலால் ஒரு கோடு கிழியுங்க. அந்தக் கோட்டுக்குள் பிரேக் முடியணும். கோடு தாண்டியதும் முன் பிரேக் லீவரிலிருந்து விரலை எடுத்துக் கைப்பிடியில் சேர்த்து வையுங்க. விரல் லீவரில் இருந்தால் பயத்தில் அழுத்தத்தான் செய்யும். பழகினவர்கள் வளைவுக்குள்ளும் முன் பிரேக்கை லேசாக இழுப்பார்கள், அது நமக்கு இப்போது வேண்டாம்.

இரண்டாம் நாள் பிரேக்கை விட்ட பிறகு கால் நீட்டலாம். நூறு சுற்று போட்டாலும் வேகம் ஏற்ற வேண்டாம். தடத்தை மட்டும் பாருங்க, அந்தப் புள்ளி வரிசை கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கணும்.

கண்மாய்க்காரன்:
இரண்டு வாரம் ஆயிற்று. புள்ளிகள் கோட்டைத் தாண்டுவதில்லை! பன்னிரண்டு தடவை போயிருக்கிறேன், விழுந்தது ஒரே முறை, அதுவும் ஆட்டுக்குட்டி குறுக்கே வந்ததால். பெரியவர் மறுபடி இந்தப் பக்கம் மேய்க்கிறார்.

ஆனால் புதுச் சிக்கல். என் தம்பி வீடியோ எடுத்தான். பிரேக்கை விடுகிறேன், கால் நீட்டுகிறேன், அதற்குப் பிறகு ஒரு நொடி, ஒன்றரை நொடி சும்மா மிதந்துகொண்டே போகிறேன். பிரேக்கும் இல்லை, ஆக்ஸிலரேட்டரும் இல்லை. அந்த நேரத்தில்தான் ஹேண்டில் சின்னதாக ஆடுகிறது, வண்டி வெளிப்பக்கம் அகன்றுபோகிறது. மறுபடி உள்ளே கொண்டுவர ஹேண்டிலை இன்னும் மடக்குகிறேன், மறுபடி ஆடுகிறது.

ரெண்டு ஸ்ட்ரோக்:
அந்த ஒன்றரை நொடிக்குத்தான் எல்லாரும் வருஷக்கணக்கில் உழைக்கிறோமுங்க.

பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அமுங்கியிருக்கிறது, முன் டயரில் எடை இருக்கிறது. சட்டென்று விட்டால் ஃபோர்க் எழும்பும், முன்பக்கம் இலேசாகும், சரியாக அந்த நேரத்தில் நீங்க திரும்பச் சொல்கிறீங்க. பிரேக்கைத் தண்ணீர்க் குழாயை மூடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்க. கடைசிச் சொட்டு நிற்கும் இடத்தில் திரும்பல் ஆரம்பிக்கணும், ஆக்ஸிலரேட்டர் மயிரிழை திறந்திருக்கணும். வண்டியை வேகப்படுத்த இல்லை, செயின் இறுகி நிற்கும் அளவுக்கு. செயின் இறுகியிருந்தால் வண்டி ஒரே வில்லில் போகும்.

மிதக்கும் நேரம் அதிகமாக இருந்தால் ரொம்ப முன்னாலேயே பிரேக் பிடிக்கிறீங்க என்று பொருள். கோட்டை ஒரு தப்படி பாட்டில் பக்கம் நகர்த்துங்க. பிறகு இன்னொரு தப்படி. ஆர்எக்ஸில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீங்க, ரெண்டு ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் இன்ஜின் பிடிக்கவே பிடிக்காது, ஐஸ் கட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். உங்களுக்கு நாலு ஸ்ட்ரோக் இன்ஜினே பாதிப் பிரேக். இரண்டாவது கியரில் விட்டாலே அது பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். வலப்பக்கத்துக்கு அதுதான் உங்கள் மூன்றாவது பிரேக், காலை எடுத்தாலும் கூட வரும்.

கரிசல்காட்டான்:
விளையாட்டை விட்டு ஒன்று சொல்கிறேன். ஒரே இடத்தில் நூறு சுற்று சுற்றினால் புழுதி வெளிப்பக்கம் ஒதுங்கி வரப்பு மாதிரி குவியும். அதை வீணாக்காதே. அந்த வரப்பில் டயரைச் சாய்த்து வைத்தால் சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி இருக்கும், வேகம் தானாக வரும். ஆனால் அங்கே போட்ட வேகத்தை அடுத்த நாள் வரப்பில்லாத வெறுந்தரையில் போடாதே. நான் போட்டேன்.

எங்கள் கரிசலில் இந்தப் பேச்சே கிடையாது. காய்ந்தால் வெடிப்பு, கை நுழையும். டயர் உள்ளே இறங்கினால் உழவுச்சாலில் மாட்டின மாதிரி அது இழுத்த இழுப்புக்குத்தான் போக வேண்டும், ஹேண்டிலோடு மல்லுக்கட்டினால் தூக்கி அடிக்கும். நனைந்தால் மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாது. வண்டியைக் குச்சியால் சுரண்டித்தான் வீட்டுக்குக் கொண்டு வரணும்.

புதுமண்:
நானும் தடம் பார்த்தேன்! நின்றுகொண்டு வட்டம் போட்டதில் என் வட்டம் வலப்பக்கம் ஆறு தப்படி, இடப்பக்கம் ஒன்பது தப்படி. எனக்கு எல்லாம் தலைகீழ். இடப்பக்கம் கிளட்ச் விரல்கள் இறுகிப்போகின்றன என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தடவை வண்டி சாய்ந்தது, நான் நின்றபடியே இறங்கிவிட்டேன். 196 கிலோவைத் தூக்கத்தான் மீன் பிடிக்க வந்த இருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

முட்டிவலி:
இறங்கி நின்றீர்களே, அதுதான் நான் ஏழு மாதம் படுத்துக் கற்ற பாடம். தூக்கும்போது முதுகை வண்டிப் பக்கம் திருப்பி, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்னால் கம்பியில், கால் பலத்தில் தூக்குங்கள். தனியாகப் போகாதீர்கள்.

கண்மாய்க்காரன்:
கோட்டை மூன்று தப்படி நகர்த்தியாயிற்று. இன்று காலை தம்பி எடுத்த வீடியோவில் மிதக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் வெளியே வரும்போது பின் டயர் மண்ணை வாரி அடிக்கிறது, இடப்பக்கம் அடித்த மாதிரியே. அந்த ஒரு காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. டயருக்குச் சேர்த்த காசில் பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

ஒரு சேதி. நேற்று ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. வரத்துக்கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் அந்த முக்கு முழுகிவிடும். பாட்டில்களை எடுக்கப் போனேன், ஒன்று மிதந்து போய்விட்டது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், நாற்று விடுவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இனி மாசி வரைக்கும் கண்மாய்க்குள் வண்டி இறங்காது. அதுவரை கண்மாய்க்கரை மேல் ஓட்டிப் பழகலாமா?

கரிசல்காட்டான்:
கரை மேல் ஓட்டினால் கரை சரியும். பெரியவர் இந்தத் தடவை வண்டியைத் தூக்கிவிட மாட்டார், உன்னைத் தூக்கித் தண்ணீரில் போடுவார்.

ஸ்பேனர் 14:
மழை நாளில் சும்மா இருக்காமல் வீல் பேரிங்கைக் கழற்றிப் பார். மூன்று மாதப் புழுதி உள்ளே போயிருக்கும். கழற்றியதும் போட்டோ போடு.

கண்மாய்க்காரன்:
கழற்றினேன் அண்ணே. முன் பேரிங் கிரீஸ் செம்மண் நிறத்தில் இருக்கிறது. போட்டோ ஏற்ற முடியவில்லை, மழையில் இங்கே நெட்வொர்க் இல்லை.